கரண்டு போன பிறகு உள்ள நேரம்

என் மேசைக்கு வந்த மனுவின் முதல் உரிமைக்கோரல் ஒரே வாக்கியம். ஆனால் பக்கத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. காப்புரிமை மனுக்களின் வழக்கம் அப்படி. பிரித்துப் படித்தால் மூன்று வேலைகள் தெரியும். பிரிண்டருக்கு வரும் மின்சாரம் நின்றதைக் கண்டுகொள்வது. கண்டதும் மோட்டாரையும் சூடேற்றும் பாகத்தையும் நிறுத்துவது. உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரத்தை வைத்து, எந்த வரி வரைக்கும் அச்சடித்தோம் என்பதை அழியாத நினைவகத்தில் எழுதி வைப்பது. கடைகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் ரசீது தருகிற சின்ன பிரிண்டருக்கான மனு அது. பாதி ரசீதில் கரண்டு போய், பிறகு வந்தால், அந்த ரசீதைக் கொடுத்தோமா இல்லையா என்று இயந்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு ரசீது வரும், அல்லது பணம் வாங்கிய பிறகு ரசீதே வராது.

நான் பிரிக்பீல்ட்ஸில் காப்புரிமை முகவராக வேலை செய்கிறேன். மனுக்களை ஆராய்கிறவர்கள் பெட்டாலிங் ஜெயாவில், பிஜே சென்ட்ரலில், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் இருக்கிறார்கள். அங்கிருந்து முழு ஆய்வு அறிக்கை வந்தால் அதற்குப் பதில் எழுதுவது என் வேலை. இந்த மனுவுக்கு வந்த அறிக்கை பாதகமானது. மனுதாரர் யார் என்பது இங்கே வேண்டாம். அந்த மூன்று வேலைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவை என்னை அலுவலகத்துக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய் விட்டன.

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையடிக்கிறது. அதனால் விநாடிக்கு 100 முறை அது பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. ஒரு பூஜ்யத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லி விநாடி. வர வேண்டிய நேரத்தில் அடுத்த பூஜ்யம் வரவில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று இயந்திரம் சந்தேகப்படலாம். இந்தச் சந்தேகத்தை எத்தனை மில்லி விநாடியில் முடிவாக்குவது என்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது. அவசரப்பட்டால் பிற்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிக்கிற ஒவ்வோர் இடிக்கும் பயந்து நின்றுவிடும். தயங்கினால் எழுதி வைக்க நேரம் இருக்காது.

மிச்ச மின்சாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே 24 வோல்ட்டில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 12 வோல்ட்டுக்கு இறங்கும் வரை கொடுக்கக்கூடிய ஆற்றல் 0.216 ஜூல். மோட்டாரும் சூடேற்றியும் 30 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் அது 7 மில்லி விநாடியில் காலி. அவை இரண்டையும் நிறுத்திவிட்டு, 2 வாட்டில் ஓடும் சில்லை மட்டும் உயிரோடு விட்டால் 100 மில்லி விநாடிக்கு மேல் தாங்கும். நினைவகத்தில் ஒரு முறை எழுத 5 மில்லி விநாடி போலப் பிடிக்கும். முதலில் மோட்டாரை விட வேண்டும், அப்போதுதான் எழுத முடியும். இந்த வரிசை மாறினால் எல்லாம் போயிற்று.

1986 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள 1983ஆம் ஆண்டின் மலேசியக் காப்புரிமைச் சட்டம் ஒரு கண்டுபிடிப்பிடம் மூன்று கேள்வி கேட்கிறது. புதியதா? அத்துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்குத் தானாகத் தோன்றிவிடாததா? தொழிலில் பயன்படுமா? உலகின் எந்த மூலையில், எந்த மொழியில் வெளியாகியிருந்தாலும் அது முன்பே தெரிந்ததுதான். இந்த மனு இடறியது இரண்டாவது கேள்வியில். மின்சாரம் போவதைக் கண்டு சொல்வது பழைய சங்கதி. 1970இல் வந்த பிடிபி-11 கணினியிலேயே கரண்டு இறங்கத் தொடங்கியதும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு ஒரு தனிக் கட்டளைக்குத் தாவும் ஏற்பாடு இருந்தது. அதன் காந்த வளைய நினைவகம் மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும். சில மில்லி விநாடிக்குள் கைவசம் உள்ளதை அதில் போட்டுவிட்டால் போதும். நம் காலத்துக்கு வந்தால், பிராக் நகரத்து புரூசா நிறுவனம் 2017இல் விட்ட எம்கே3 முப்பரிமாணப் பிரிண்டரில் இதே காரியம் இருக்கிறது. கரண்டு போனதும் சூடேற்றிகளை நிறுத்தும், மிச்சத்தில் தன் இருப்பிடத்தை எழுதும், முனையைத் தூக்கும். மணிக்கணக்காக அடுக்கடுக்காக வார்த்த பொருள் பாழாகாமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆய்வாளர் காட்டிய ஆவணங்களில் ஒன்றுதான் என்னை நிறுத்தியது. அந்த ஆவணத்தில் உள்ள பிரிண்டர் மின்சாரம் போவதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்த வரியின் எண்ணை எழுதி வைத்துவிடுகிறது. கரண்டு எப்போது போனாலும் அதற்குக் கவலையில்லை. போன வரியின் எண் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது. முப்பரிமாணப் பிரிண்டர்களை ஓட்டும் மார்லின் என்ற மென்பொருளிலும் இப்படி ஒரு வழி உண்டு: ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் அட்டையில் குறித்துக்கொள்ளும். ஆய்வாளரின் கேள்வி நியாயமானது. வரிக்கு வரி எழுதுகிற இயந்திரம் ஒரு பக்கம், கடைசி நொடியில் விழித்துக்கொள்கிற இயந்திரம் ஒரு பக்கம். இரண்டும் ஏற்கெனவே தெரிந்தவை. உங்கள் மனு இதில் எதைச் சேர்த்தது?

பதில் எழுதுவதற்காக இரண்டு முறைகளின் பலனையும் பலவீனத்தையும் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். வரிக்கு வரி எழுதினால் நினைவகம் தேய்கிறது, வேகம் குறைகிறது. ஆனால் எச்சரிக்கை தேவையில்லை. கடைசி நொடியை நம்பினால் தேய்மானம் இல்லை, வேகம் உண்டு. ஆனால் அந்த நொடி வராமலே போனால் ஒன்றும் மிஞ்சாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே என் அத்தை அப்பாவின் கருமாதி அன்று சொன்ன சொல் நினைவுக்கு வந்து, அதற்கு மேல் எழுத முடியாமல் கோப்பை மூடி வைத்தேன்.

"உங்கப்பா நாமம் சொல்லாமலே போயிட்டாரும்மா" என்றார் அத்தை.

பாதிச் சமய உலகம் அத்தையின் பக்கம் நிற்கிறது. கீதையின் எட்டாம் அத்தியாயம், உடலை விடும்போது எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று சொல்கிறது. பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்தில் பரத மன்னன் அரசைத் துறந்து காட்டுக்குப் போகிறான், ஆற்றில் விழுந்த மான்குட்டி ஒன்றைக் காப்பாற்றி வளர்க்கிறான், சாகும்போது அதைப் பற்றிய கவலையிலேயே சாகிறான், மானாகப் பிறக்கிறான். ஆறாம் கந்தத்தில் அஜாமிளன் ஒழுக்கம் கெட்டு வாழ்ந்தவன். சாகும்போது பயத்தில் தன் கடைசி மகனைக் கூப்பிடுகிறான். மகனின் பெயர் நாராயணன். அந்தப் பெயருக்காகவே விஷ்ணு தூதர்கள் ஓடி வந்து யமதூதர்களைத் தடுக்கிறார்கள். சைவ சித்தாந்தம், உயிர் எதைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே ஆகிவிடும் என்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பௌத்த மகாவிகாரையில் போய்க் கேட்டாலும் மரணத்தை ஒட்டிச் செய்த வினைக்குத் தனி இடம் உண்டு என்பார்கள். இவற்றை நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பொய் என்று தள்ள என்னால் முடியாது, தள்ளவும் விருப்பமில்லை.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் பெரிய அநியாயம் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆயுள் முழுக்க நல்லவனாக இருந்தவனுக்குப் பக்கவாதம் வந்து நாக்கு விழுந்துவிட்டால்? தூக்கத்தில் நெஞ்சு நின்றவனுக்கு? ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கு அடியில் போன மோட்டார்சைக்கிள் பையனுக்கு? அவனுக்கு 20 மில்லி விநாடிகூடக் கிடைத்திருக்காது. எச்சரிக்கை கிடைத்தவனுக்கு ஒரு நீதி, கிடைக்காதவனுக்கு ஒரு நீதி என்றால் அது இறைவனுடைய வேலையாக இருக்க முடியுமா?

என் அப்பா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் வீட்டுக்காரர். தோட்டத்து லயங்களுக்கு எல்.எல்.என். என்ற மின்வாரியத்தின் கம்பி வராத காலம். டீசல் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் கொஞ்ச நேரம், மாலையில் இருட்டியதிலிருந்து இரவு பத்து மணி வரை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா எஞ்சினின் வேகத்தைச் சற்றே குறைத்து ஏற்றுவார். லயம் முழுக்க எல்லா பல்புகளும் ஒரு முறை சோர்ந்து மறுபடி நிமிரும். அதுதான் அறிவிப்பு. அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைத் துடைப்பார்; நான் கணக்கு நோட்டின் கடைசி வரியை முடித்துக்கொள்வேன்; பக்கத்து வீட்டுப் பாட்டி பாயை விரித்துவிடுவார். பத்து மணிக்கு இருட்டு வரும்போது யாரும் பதறியதில்லை.

பின்னாளில் தோட்டத்துக்குக் கம்பி வந்து, எஞ்சின் நின்று, அப்பா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேனாகச் சேர்ந்தார். 1996 ஆகஸ்டு 3, ஒரு சனிக்கிழமை மாலை, திரெங்கானு பாக்காவில் ஏற்பட்ட கோளாறில் தீபகற்பம் முழுதும் மின்சாரம் விழுந்தது. இரவு வரை இருட்டு. லிப்டுகளில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், சாலை விளக்குகள் அணைந்து கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சொல்லாம நிறுத்துறது முறையில்ல" என்று ஒரே வார்த்தை சொன்னார். மின்சார நிறுவனமான தெனாகாவின் மேல் அவருக்குக் கோபம் இல்லை, மின்கட்டம் குலைந்தால் எச்சரிக்க நேரம் இருக்காது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அறிவிப்பு இல்லாத இருட்டு அவருக்கு மனசுக்கு ஒவ்வாத காரியம்.

அவருக்கு அப்படித்தான் வந்தது. காலையில் தேநீர்க் கோப்பையோடு நாற்காலியில் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது கண் திறந்திருந்தது, பேச்சில்லை. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து சிவபுராணம் பாடினார். அவருக்கு அது மனப்பாடம். பாடி முடித்து, காதுக்கருகே குனிந்து, "அண்ணே, சிவசிவான்னு சொல்லுண்ணே, ஒரு தடவ சொல்லு" என்று கெஞ்சினார். மறுபடி பாடுவார், மறுபடி கெஞ்சுவார். அப்பாவின் உதடு அசையும், சத்தம் வராது. ஒவ்வொரு தடவையும் அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்ததை நான் பார்த்தேன். ஏதோ கேட்கிறார்கள், தன்னால் கொடுக்க முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது போல.

பக்கத்துப் படுக்கையில் ஒரு மலாய்ப் பெரியவர் அதே நிலையில் கிடந்தார். அவருடைய மகன் தந்தையின் காதில் கலிமாவைச் சொன்னார், மெல்ல, ஒரு முறை. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. திரைக்கு வெளியே தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம், எங்கள் உஸ்தாஸ் வற்புறுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், "ஜாஙான் பக்சா", சாகிறவர் அலுத்துப்போய் வேண்டாம் என்று மனம் திரும்பிவிடக்கூடாது என்றார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அத்தையின் குரல் திரையைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா அன்றிரவு போனார்.

கோப்பை மூடி வைத்த அந்த மாலைக்குப் பிறகு நான் பழைய நூல்களுக்குத் திரும்பினேன். தேடியது ஆறுதலை என்று சொல்ல மாட்டேன். ஆய்வாளர் செய்வதையே செய்தேன்: இந்தக் கேள்வியை முன்பே யார் கேட்டிருக்கிறார்கள், என்ன விடை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். கடைசி நொடியை நம்ப முடியாது என்பதை நம் முன்னோர்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

பெரியாழ்வார் திருவரங்கத்தில் பாம்பணையில் கிடப்பவனிடம் இதைத்தான் பேசுகிறார், திருமொழியின் நான்காம் பத்தில், பத்தாம் திருமொழியில். தளர்ச்சி வந்து நெருக்கும்போது என்னால் உன்னை நினைக்க முடியாது. ஆகவே அந்த நேரத்துக்கு வேண்டியதை இந்த நேரத்திலேயே சொல்லி வைத்துவிட்டேன் என்கிறார். முகுந்தமாலை பாடிய குலசேகரரும், கபமும் வாதமும் பித்தமும் தொண்டையை அடைக்கும்போது நினைவு எங்கே வரும், இன்றைக்கே என் மனம் உன் திருவடிக்குள் புகட்டும் என்று கேட்கிறார். இருவருமே கண்டுபிடிக்கும் கருவியை நம்பவில்லை. வரிக்கு வரி எழுதுகிற பக்கம் போய்விட்டார்கள். கீதையும் உண்மையில் அங்கேதான் போகிறது. கடைசி நினைவைப் பற்றிச் சொன்ன கையோடு அடுத்த சுலோகத்திலேயே கண்ணன், ஆகவே எல்லாக் காலத்திலும் என்னை நினை, போரும் செய் என்கிறான். அத்தை அந்த "ஆகவே" வரை போகவில்லை. போகிறவர்கள் குறைவு.

பெரியாழ்வாரை விடவும் என்னை அதிர வைத்தது வைணவர்கள் வராக சரம சுலோகம் என்று போற்றுகிற இரண்டு சுலோகங்கள். வராகப் பெருமான் பூதேவியிடம் சொல்வதாக வருகின்றன. உடல் நன்றாக இருக்கும்போது, மனம் தெளிவாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தானானால், பிறகு அவன் சாகும்போது கட்டையாக, கல்லாகக் கிடக்கையில், நான் அவனை நினைக்கிறேன், நான் அவனைக் கொண்டுபோகிறேன் என்கிறார். சாகிறவன் எதையும் நினைக்க வேண்டியதில்லை. நினைவு அவனிடம் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. கரண்டு போனால் அழிகிற இடத்தில் அவன் அதை வைக்கவில்லை. அந்தச் சுலோகங்களைப் படித்தபோது அப்பாவின் நெற்றிச் சுருக்கம் எனக்கு முன்னால் வந்து நின்றது. அவர் கட்டையாகவும் கல்லாகவும் கிடந்தவர்தான். அவரிடம் கேட்டது வீண் கேள்வி.

தென்கலையார் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்வது போல அல்லாமல், பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவது போல இறைவன் எடுத்துப் போகிறான். நீ முன்பு நினைத்தாயா என்பதுகூட நிபந்தனை ஆகாது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது வரைக்கும் போகத் துணிவில்லை. ஆனால் ஒரு தாய் இறந்து பிறந்த குழந்தையைப் பற்றி என்னிடம் கேட்டால், தென்கலையார் சொன்னதைத்தான் நான் சொல்வேன். அந்த இடத்தில் வேறு எந்த விடையும் மனிதத்தன்மை உள்ளதாக எனக்குத் தெரியவில்லை.

சைவத்தில் இதற்குச் சுந்தரர் இருக்கிறார். இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் கொடுமுடியில் பாடிய பதிகத்தில், உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்று பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்பச் சொல்கிறார். மனம் ஒன்று, நாக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார் பாருங்கள். மனம் போனாலும் பழக்கத்தில் ஊறிய நாக்கு மிஞ்சும் என்கிறார். தேரவாத பௌத்தர்கள் இதை ஒரு வழக்காகவே நடத்தியிருக்கிறார்கள். அடுத்த பிறவியைத் தீர்மானிப்பதில் எந்த வினை முந்தும் என்ற வரிசையில், அபிதம்மத்த சங்ககம் மரணத்தை ஒட்டிய வினையை முன்னே வைத்து, பழக்கமான வினையைப் பின்னே வைக்கிறது. புத்தகோசரின் விசுத்திமக்கம் பழக்கத்தை முன்னே வைக்கிறது. ஒரே மரபின் இரண்டு பெரிய நூல்கள் இதில் ஒத்துப்போகவில்லை என்பதே, எளிய விடை இங்கே கிடையாது என்று எனக்குச் சொன்னது. நான் புத்தகோசர் பக்கம்.

பரதன் கதையையும் மறுபடி படித்தேன். நாம் சொல்லும்போது மானாகப் பிறந்தான் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பாகவதம் நிறுத்தவில்லை. மானாகப் பிறந்த பரதனுக்கு முற்பிறவி நினைவு இருந்தது. தான் எப்படி வழுவினோம் என்று அந்த மானுக்குத் தெரியும். அது தன் தாயையும் கூட்டத்தையும் விட்டு, தான் தவம் செய்த ஆசிரமத்துக்கே திரும்பி வந்து தனியாக இருந்து, உடலை விட்டு, அடுத்து ஜடபரதனாகப் பிறந்து கரையேறியது. காட்டில் செய்த வழிபாடு எல்லாம் எங்கேயோ எழுதப்பட்டிருந்தது. கடைசி வரி கோணலாக அச்சானதால் முந்தைய பக்கங்கள் அழிந்துவிடவில்லை. விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தான்.

அப்படியானால் கடைசி நேரத்துக்கு மதிப்பே இல்லையா? இந்தக் கேள்வியை ஆய்வாளரும் என்னிடம் வேறு சொற்களில் கேட்டார்: வரிக்கு வரி எழுதுவது போதுமானால் மின்தடையைக் கண்டுகொள்ளும் சுற்று எதற்கு? அவருக்கு நான் எழுதிய பதில் தொழில்நுட்பப் பதில். எண்ணைப் பாதுகாப்பது பாதிப் பயன்தான். மோட்டாரையும் சூடேற்றியையும் உடனே நிறுத்துவது மறுபாதி. ஓடிக்கொண்டே கரண்டை இழந்தால் தாள் பாதியில் சிக்கும், சூடான தலையின் கீழ் அதே இடம் கருகும். வரிக்கு வரி எழுதும் இயந்திரத்துக்கு எந்த வரியில் நின்றோம் என்று தெரியும். எப்படி நிற்பது என்று தெரியாது. இந்த வேறுபாட்டை மையமாக வைத்து உரிமைக்கோரலைச் சுருக்கித் திருத்தினோம்.

அதையே என் கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொண்டேன். கடைசி நேரம் எழுதுகிற நேரம் என்று இனி நான் நம்பவில்லை. அது நிறுத்துகிற நேரம். 30 வாட் இழுக்கிற எல்லாவற்றையும், வீட்டுப் பத்திரத்தை, மகன் மேல் உள்ள கோபத்தை, இன்னும் முடிக்காத கடனை, என்னவாகும் என்ற பயத்தை, ஒவ்வொன்றாக அணைக்கிற நேரம். நோயில் கிடந்து போகிறவர்களுக்குப் பல்பு ஒரு முறை சோர்ந்து நிமிர்கிற அறிவிப்புக் கிடைக்கிறது. அது பெரிய பாக்கியம். கிடைக்காதவர்களுக்கு அது குறைதான், அதை நான் மழுப்ப மாட்டேன். அப்பா பேசி முடிக்காமல் வைத்துவிட்டுப் போன பேச்சுகள் இன்னும் எங்களுக்குள் கிடக்கின்றன. ஆனால் அது எங்களுக்கான நஷ்டம். அவர் இறைவனிடம் போய்ச் சேர்ந்ததற்கு அது தடையாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்த மிச்ச மின்சாரம் யாருடையது என்பதையும் யோசித்தேன். மின்தேக்கியில் இருப்பது பிரிண்டரே உண்டாக்கிய மின்சாரம் கிடையாது. கரண்டு இருந்தபோது அதே கம்பியில் வந்து தங்கியது. சித்தாந்தத்தில் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டு சொல்வார்கள். கண்ணுக்கு வெளிச்சம் பொருளைக் காட்ட வேண்டும், உயிர் கூட நின்று காணவும் வேண்டும். அதுபோல உயிருக்குச் சிவன் பொருளைக் காட்டுகிறான், உடன் நின்று காணவும் செய்கிறான் என்பார்கள். நாம் நன்றாக இருக்கிறபோது நினைத்ததும் நம் சொந்த பலத்தால் நினைத்தது கிடையாது என்றால், நினைக்க முடியாமல் போன அன்று அவன் நம்மிடம் கணக்குக் கேட்பான் என்று எப்படிச் சொல்வது? பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலில் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "கேட்க மாட்டான், ஆனா நீ நினைக்காம இருக்கிறதுக்கு அத சாக்கா வச்சுக்காதே" என்றார். அது சரியான திருத்தம். வாங்கிக்கொண்டேன்.

அப்பா கோயிலுக்கு அதிகம் போகிறவர் கிடையாது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் கூட்டத்தில் எங்களை இழுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். வீட்டில் அவர் பாடியோ ஜெபித்தோ நான் பார்த்ததில்லை. இதனால்தான் அத்தைக்கு அவ்வளவு பயம். ஆனால் எஞ்சின் வீட்டில் நான் அவரோடு நின்றிருக்கிறேன். பழைய டீசல் எஞ்சினைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இரும்புக் கைப்பிடியை மாட்டி, காலை அகட்டி நின்று, முதலில் எஞ்சினின் மேல்பாகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு "முருகா" என்று மூச்சோடு சேர்த்து ஒரு சுற்று, இரண்டாவது "முருகா"வுக்கு எஞ்சின் இருமும், மூன்றாவதுக்குப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் நின்று வருடங்கள் ஆன பிறகும் அரிசி மூட்டையைத் தூக்கும்போது அதே "முருகா"தான், காரின் டயரைக் கழற்றும்போதும் அதேதான். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதுகூட. மனம் அப்போது எங்கே இருந்ததோ எனக்குத் தெரியாது. நாக்குக்கு அது பழக்கம்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். கிள்ளானில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பெரியாழ்வாரையும் வராகப் பெருமானையும் சொல்லிவிட்டுக் கடைசியில் எஞ்சின் கைப்பிடியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "அது வேலைக்குச் சொன்னதும்மா, சாமிக்குச் சொன்னதில்ல" என்றார். அந்தப் பிரிவினை எனக்கு ஒப்பவில்லை என்றேன். மகனைக் கூப்பிட்ட அஜாமிளனுக்கு வந்த தூதர்கள் எஞ்சினைக் கிளப்பியவருக்கு வர மாட்டார்களா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் கடைசியில நீதான் வந்து பாடணும்" என்றார். வருகிறேன், சிவபுராணம் முழுதும் பாடுகிறேன், ஆனால் சொல்லுங்க சொல்லுங்க என்று கேட்க மாட்டேன் அத்தை என்றேன். கேட்கத்தான் வேண்டும் என்கிறார். இந்த வாக்குவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.